குஞ்சை விட்டால் மட்டும் போதுமா?



போன இதழில் இதே பலகையில், நம் பள்ளி மாணவர்கள் பெசன்ட் நகர் கடற்கரைக்குப் போய் ஆமைக்குஞ்சுகளைக் கடலில் விடுவதைப் பார்த்துவிட்டு வந்த கட்டுரை ஒட்டியிருந்தது. படித்திருப்பீர்கள். அன்று நானும் போயிருந்தேன். கூடையைச் சாய்த்ததும் தீப்பெட்டி அளவு குஞ்சுகள் தத்தித் தத்தி அலையை நோக்கி ஓடியதைப் பார்த்துக் கை வலிக்கத் தட்டினேன். அதைக் குறை சொல்ல இதை எழுதவில்லை.

ஆனால் திரும்பி நடந்து வரும்போது, கொஞ்ச தூரத்தில் ஒரு பெரிய ஆமை செத்துக் கிடந்ததே, ஞாபகம் இருக்கிறதா? மூக்கைப் பொத்திக்கொண்டு சுற்றிப் போனோம். கட்டுரையில் அதைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

நம் கரைக்கு முட்டையிட வருவது பெரும்பாலும் பங்குனி ஆமை. தை பிறந்ததும் வர ஆரம்பிக்கும். ராத்திரியில் தனியாக மணலில் ஏறி, பின்துடுப்பால் குழி தோண்டி, பிங்பாங் பந்து மாதிரி நூறு முட்டைக்கு மேல் இட்டு, மூடி, உடம்பாலேயே மணலைத் தட்டிக் கெட்டியாக்கிவிட்டுக் கடலுக்குப் போய்விடும். அப்போது கண்ணில் நீர் வடியும். அழுகிறது என்று சொல்வார்கள். உண்மையில் அது உடம்பில் சேரும் உப்பை வெளியேற்றுகிறது. 45 முதல் 60 நாளில் குஞ்சு வரும். மணல் சூடு அதிகமாக இருந்தால் பெண், குறைவாக இருந்தால் ஆண். (பொரிப்பகத்தில் ஏன் பந்தல் போடுகிறார்கள் என்று கேட்டேன், இதற்காகவும் தானாம்!)

முட்டையை நாய் தோண்டிவிடும். பொரித்த குஞ்சு கடலின் மினுமினுப்பு என்று நினைத்துத் தெருவிளக்கைப் பார்த்து ரோட்டுக்கு ஏறிவிடும். அதனால்தான் சென்னையில் 1988 முதல் மாணவர்களே ஓர் அமைப்பாகச் சேர்ந்து, நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை ராத்திரியெல்லாம் நடந்து முட்டைகளை எடுத்துப் பாதுகாக்கிறார்கள். வனத்துறையும் செய்கிறது. நல்ல வேலை.

இப்போது ஒரு கணக்கு. (கணக்கு டீச்சர் திருத்தலாம்.) ஆயிரம் குஞ்சு கடலுக்குப் போனால் ஒன்று வளர்ந்து பெரிதானாலே அதிகம் என்கிறார்கள். ஒரு கூட்டில் நூறு குஞ்சு என்று வைத்தால், பத்துக் கூட்டுக்கு ஒரு பெரிய ஆமை. அதுவும் முட்டையிடும் வயது வரப் பத்துப் பதினைந்து வருஷம் ஆகும். அப்படியென்றால் நாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டிப் போன அந்த ஒரு ஆமை, பத்துக் கூடுகளுக்குச் சமம்! அன்று நாம் கைதட்டி அனுப்பியதோ ஒரே ஒரு கூடை.

2025 ஜனவரியில் சென்னை, செங்கல்பட்டு கரைகளில் ஆயிரத்துக்கும் மேல் ஆமைகள் செத்து ஒதுங்கின. ஆணும் உண்டு, பெண்ணும் உண்டு. பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்காக எடுத்தது. பல ஆமைகளுக்குக் கண் பிதுங்கி, கழுத்து வீங்கி இருந்தது. மூச்சு முட்டிச் செத்ததன் அடையாளம் அது. கடலில் வாழும் ஆமை தண்ணீரில் எப்படி மூழ்கும் என்று கேட்காதீர்கள். அதற்கு நம்மைப் போல நுரையீரல் தான், செவுள் கிடையாது. மேலே வந்து மூச்சு வாங்கியே ஆகவேண்டும். விசைப்படகின் இழுவை மடி கடலடியில் மணிக்கணக்கில் இழுபடும். உள்ளே மாட்டிய ஆமை திமிறத் திமிறச் சீக்கிரமே மூச்சு தீர்ந்துபோகும்.

இதை வகுப்பில் சொன்னபோது ஒருவன், "அப்போ மீன்காரங்கதான் கொலைகாரங்க"ன்னு கத்தினான். என் பக்கத்து பெஞ்சு நண்பனுக்குக் கோபம் வந்துவிட்டது. அவன் அப்பா ஃபைபர் படகில் தொழிலுக்குப் போகிறவர். "எங்கப்பா வலையில ஆமை மாட்டுனா வலையை அறுத்து உட்டுட்டு வருவாரு. வலைக்கு உங்கப்பாவா காசு குடுப்பாரு?" என்றான். வகுப்பே அமைதியாகிவிட்டது. சின்னப் படகு எல்லாமே உத்தமம் என்று நான் சொல்லமாட்டேன், பெரிய கண் உள்ள திருக்கை வலையிலும் ஆமை சிக்கும். அவனும் ஒத்துக்கொண்டான். ஆனால் அவன் கேட்ட கேள்வி சரியான கேள்வி. மகாராஷ்டிராவில் 2018ல் ஒரு திட்டம் வந்தது. பாதுகாக்கப்பட்ட உயிரை விடுவிக்க வலையை அறுத்தால் 25,000 ரூபாய் வரை இழப்பீடு. அங்கே முடிந்தது இங்கே ஏன் முடியாது?

விசைப்படகுக்கும் வழி இருக்கிறது. பக்கத்தில் நான் வரைந்திருக்கும் படத்தைப் பாருங்கள் (ஆமை இட்லி மாதிரி வந்துவிட்டது, மன்னிக்கவும்). மடியின் கழுத்தில் ஜன்னல் கம்பி போல ஒரு சட்டம் சாய்வாக இருக்கிறது அல்லவா? இறாலும் மீனும் கம்பி இடுக்கில் நுழைந்து பின்னால் போய்விடும். ஆமை கம்பியில் முட்டி, பக்கத்துத் திறப்பு வழியாக வெளியே வந்துவிடும். கொச்சியில் உள்ள மத்திய மீன்பிடித் தொழில்நுட்ப நிறுவனமே நம் நாட்டுப் படகுகளுக்கு ஏற்ற மாதிரி ஒன்று செய்திருக்கிறது. இது மாட்டாத காரணத்தால் 2019ல் அமெரிக்கா நம் கடல் இறாலை வாங்குவதை நிறுத்தியது. அப்படியும் பல படகுக்காரர்கள் தயங்குகிறார்கள். திறப்பு வழியாக மீனும் போய்விடுமே என்று பயம். டீசல் விலைக்கு அந்தப் பயம் நியாயம் தான்.

என் கருத்து இதுதான்: கருவியைக் கொடுத்து "மாட்டு, இல்லாட்டி அபராதம்" என்றால் துறைமுகத்தில் மாட்டி கடலில் கழற்றிவிடுவார்கள். முதல் ஒரு வருஷம் குறைகிற மீனுக்கு அரசு பணம் கொடுக்கட்டும். ஆமை வரும் மாதங்களில் கரையை ஒட்டி விசைப்படகு மடி இழுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது, அதைக் கண்காணிக்க ராத்திரியிலும் ரோந்து வேண்டும்.

நம் பள்ளிச் சுற்றுச்சூழல் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை போகும்போது குஞ்சுகளை எண்ணுகிற நோட்டிலேயே, கரையில் செத்துக் கிடக்கும் ஆமைகளையும் தேதி போட்டு எண்ணி எழுதுவோம். மாதம் ஒருமுறை அந்தக் கணக்கை மீன்வளத்துறைக்கும் வனத்துறைக்கும் அனுப்புவோம். நோட்டு நான் வாங்கித் தருகிறேன். என் நண்பன் அவன் அப்பாவை ஒரு வெள்ளிக்கிழமை நம் மன்றத்தில் பேச அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறான். சார் அனுமதி கொடுத்தால் தேதியை இதே பலகையில் எழுதுகிறோம்.

– பதினோராம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவன்