நிரலுக்கும் பாயிரம் வேண்டும்

குறுந்தொகை பயின்ற மாணவர் செம்புலப்பெயல்நீரார் என்னும் பெயரை அறிவர். அஃது அப்புலவர்க்குப் பெற்றோர் இட்ட பெயர் அன்று. இயற்பெயர் மறைந்து போயிற்று. ஆதலின், அவர் பாட்டில் அமைந்த அரிய தொடர் ஒன்றையே பெயராக்கி அவரைச் சுட்டினர் பழையோர். 35 ஆண்டுகள் வகுப்பறையில் அப்பாட்டைப் பாடம் சொன்ன யான், பாடியவர் பெயர் தெரியாமைக்கு வருந்தாத ஆண்டு இல்லை.

இத்தகைய இழப்பு நேராவண்ணம் காக்கும் முறை ஒன்றை நம் இலக்கணநூலார் வகுத்து வைத்தனர். நூலின் முன் நிற்கும் சிறப்புப் பாயிரம் எட்டுச் செய்திகளைத் தருதல் வேண்டும் என்பர் நன்னூலார். அவற்றுள் முதலாவது, நூலை ஆக்கியவன் பெயர். நூல் வந்த வழியும், அது வழங்கும் எல்லையும், அதனைக் கேட்டற்கு உரியார் இன்னார் என்பதும் ஆங்கே கூறப்பெறும். கணிப்பொறிக்கு எழுதப்படும் நிரல்களுக்கும் இத்தகைய பாயிரம் வேண்டும் என்பது என் துணிபு. தமிழாசிரியனுக்குக் கணிப்பொறியில் என்ன வேலை என்று நீங்கள் நகைக்கலாம். காரணம் உண்டு, அதனைப் பின்னர்க் கூறுவேன்.

நிரலைப் படைப்போர், மக்கள் படித்தறியக்கூடிய வடிவில் முதலில் அதனை எழுதுகின்றனர். அதுவே மூலநிரல். பெரியதொரு மென்பொருள் ஆயிரக்கணக்கான மூலநிரற் கோப்புகளால் ஆயது. அவற்றை எவரும் பயன்படுத்தலாம், ஆராயலாம், திருத்தலாம், பிறர்க்கு வழங்கலாம் என்று உரிமை தந்து வெளியிட்டால், அதனைக் கட்டற்ற மென்பொருள் என்கிறோம். விலையின்மை வேறு, கட்டின்மை வேறு. இதனைப் படித்தவரும் மயங்குகின்றனர். 1983-ஆம் ஆண்டில் ரிச்சர்டு ஸ்டால்மன் என்னும் அமெரிக்கர் குனு என்ற திட்டத்தை அறிவித்து இந்நெறிக்கு வித்திட்டார். 1989-இல் குனு பொது உரிமம் என்னும் ஆவணம் வெளிவந்தது.

இனி, பலருடைய உள்ளத்தில் வேரூன்றிய பிழையொன்றைக் காண்போம். கோப்பின்மேல் ஒன்றும் எழுதாது விட்டால் அஃது ஊர்ப் பொதுக் கிணறு போல எல்லார்க்கும் உரியதாகும் என்று கருதுகின்றனர். உண்மை இதற்கு நேர்மாறானது. 1886-இல் பெர்ன் நகரில் நாடுகள் பல கூடிப் பதிப்புரிமை உடன்படிக்கை ஒன்றைச் செய்தன. 1908-இல் அது திருத்தப்பெற்றபோது, பதிவோ அறிவிப்போ இன்றியே ஆசிரியனுக்கு உரிமை உண்டு என்று உறுதி செய்யப்பட்டது. அமெரிக்காவில் மட்டும் நெடுங்காலம் அறிவிப்பு இன்றியமையாததாய் இருந்தது. 1989-இல் அந்நாடும் அவ்வுடன்படிக்கையில் சேர்ந்தது. நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் 1957-இல் இயற்றப்பட்டது. 1984-ஆம் ஆண்டுத் திருத்தம் கணிப்பொறி நிரலையும் இலக்கியப் படைப்புகளுள் ஒன்றாக வைத்தது. எனவே, நிரலை எழுதிய ஒருவன் வாளா இருப்பானாயின், சட்டத்தின் கண்ணுக்கு அவன் ஒருவருக்கும் ஒன்றும் கொடாதவனே ஆவான். அவன் இறந்த பின்னும் 60 ஆண்டுகள் அப்பூட்டு நீங்காது.

எழுதி வைத்தால் மட்டும் பயன் என்ன என்று கேட்பாரும் உளர். ஜேக்கப்சன் என்னும் இயற்பியற் பேராசிரியரும் அவர்தம் குழுவினரும் விளையாட்டுத் தொடர்வண்டிகளை இயக்கும் நிரல் ஒன்றை அமெரிக்காவில் உருவாக்கிக் கட்டற்றதாக வழங்கினர். அதன் கோப்புகள் சிலவற்றை ஒரு நிறுவனம் தன் மென்பொருளில் சேர்த்துக்கொண்டது. ஆசிரியர் பெயர்கள், பதிப்புரிமை வரிகள், உரிமத்தைச் சுட்டும் குறிப்பு ஆகிய யாவும் அதில் இல்லாது போயின. வழக்கு எழுந்தது. தாமே எல்லார்க்கும் வாரி வழங்கியவர்க்கு இழப்பு யாது என்ற கேள்வியும் எழுந்தது. 2008-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்களில் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர் பக்கமே நின்று, விலையின்றித் தந்த பொருளுக்கும் நிபந்தனை விதிக்கும் உரிமை உண்டு என்று கூறியது. நீக்கப்பட்டவை எவை என்று தீர்ப்பு எடுத்துக் காட்டிற்று. முன்பு எழுதப்பட்டிருந்தமையால் அன்றோ விடுபட்டமை புலப்பட்டது?

'உரிமத்தைத் தனிக் கோப்பாக ஓரிடத்தில் வைத்தால் போதாதா? கோப்புதோறும் எழுதுவது வீண் வேலை' என்பர் சிலர். ஏட்டுச்சுவடியைக் கையாண்டவர் இவ்வாறு கூறார். கயிறு அற்றால் ஏடுகள் தனித்தனியே போகும். முதலேட்டில் உள்ள பெயர் இருபதாம் ஏட்டைக் காவாது. நிரற்கோப்புகளும் அவ்வாறே ஒரு மென்பொருளினின்று மற்றொன்றுக்குத் தனியே செல்லும் இயல்பின. லினக்ஸ் என்னும் பெருமென்பொருளின் உட்கருவிலேயே பல்லாயிரம் கோப்புகள் உரிமக் குறிப்பு இன்றிக் கிடந்தன. 2017-ஆம் ஆண்டில் அதனைப் பேணுவோர் அமர்ந்து ஆராய்ந்து, கோப்புதோறும் ஒற்றை வரியாகக் குறிப்பிட்டனர். எஸ்.பி.டி.எக்ஸ். என்று பெயரிய அக்குறியீட்டு முறை 2021-இல் உலகத் தர அமைப்பின் ஏற்பையும் பெற்றது. உரிமம் முழுவதையும் ஒவ்வொரு கோப்பிலும் எழுதுவது மிகை என்பதை யானும் ஒப்புவேன். ஆண்டு, ஆசிரியர் பெயர், உரிமத்தின் பெயர் ஆகிய மூன்றும் இரண்டு வரியில் அடங்கும்.

ஆயின், அவ்விரண்டு வரியும் ஐயத்திற்கு இடந்தரலாகாது. குனு பொது உரிமத்தின் 2-ஆம் பதிப்பு என்று மட்டும் எழுதினால், அப்பதிப்பு ஒன்றேயா, பிந்திய பதிப்புகளும் அடங்குமா என்பது விளங்காது. 'மட்டும்' என்பதா, 'அல்லது பிந்தியது' என்பதா? 2007-இல் வந்த 3-ஆம் பதிப்பின் கீழுள்ள நிரலோடு அதனை இணைக்கலாமா கூடாதா என்பது இச்சிறு சொல்லில் தங்கியுள்ளது. இடைச்சொல்லை எளிதாக எண்ணும் மாணவர் இதனைக் கருதுவாராக.

நம்மவர் பெயர் எழுதாமைக்கு அடக்கமும் ஒரு காரணம். சிறப்புப் பாயிரத்தைப் பிறர் செய்தலே மரபு. தன்னைத்தான் வியத்தல் தகாது. ஆயினும், ஈண்டு எழுதப்படுவது புகழுரை அன்று. பத்திரத்தில் இடும் கையொப்பம்.

என்னிடம் பயின்ற மாணவர் ஒருவர் தமிழ்ச் சொற்களைச் சந்தி பிரித்துக் காட்டும் நிரல் ஒன்றை எழுதினார். இலக்கண ஐயங்களை என்னிடமே வந்து தீர்த்துக்கொள்வார். யார் கேட்டாலும் கொடுத்தார். கோப்பில் ஒரு சொல்லும் எழுதவில்லை. இளமையிலேயே அவர் காலமானார். பின்னர், எழுத்துப்பிழை திருத்தும் கட்டற்ற மென்பொருள் ஒன்றைச் செய்வோர் அந்நிரலைச் சேர்க்க விரும்பினர். உரிமம் இன்றித் தொட இயலாது என்று என்னிடம் வந்தனர். அவர்கள் கூறியது முறையே. எனக்குத்தான் சினம் வந்தது.

மாணவருடைய மனைவியாரைத் தேடிக் கண்டு, செய்தியை விளக்கி, எழுத்து வாயிலாக இசைவு பெறுவதற்கு ஓராண்டு சென்றது. கையொப்பமிடும் முன் அவ்வம்மையார் ஒன்றே கேட்டார்: "அவர் பெயர் இருக்குமா, ஐயா?" ஒவ்வொரு கோப்பிலும் முதல் வரியே அதுதான் என்றேன்.