பிரிச்சு வைக்கிற செடிக்கு எதுக்கு 300 ரூபாய்?

எங்க ஓடைப்பட்டியில இப்ப புதுசா வீடு கட்டுறவங்க வாசல்ல எல்லாம் ஒரு வெள்ளைத் தொட்டி இருக்கு. அதுல நட்டமா நாலஞ்சு இலை நிக்கும். ஸ்நேக் பிளான்ட்டாம். தமிழ்ல பாம்புக் கற்றாழைங்கிறாங்க. தேனி பக்கம் ஒரு நர்சரியில இதுக்கு 300 ரூபாய் சொன்னாங்க. என் தங்கச்சி மக பேரம் பேசாம ரெண்டு வாங்கிட்டு வந்துட்டா. "அதைவிட சின்னது 150 தான் மாமா, ஆனா பெருசுதான் அழகு"ன்னு சொல்றா.

திராட்சைக் குச்சியையும் வாழைக் கன்னையும் வெட்டி நட்டே பொழைச்ச ஊரு இது. பக்கத்து வீட்டுத் தொட்டியில பிதுங்கிக்கிட்டு நிக்கிற செடியை நாம கடையில வாங்குறது எனக்கு ஒப்பலை.

இத்தனைக்கும் இது நமக்குப் புது இனம் இல்ல. கடையில விக்கிறது மேற்கு ஆப்பிரிக்காச் செடி, சரி. ஆனா அதோட பங்காளி நம்ம நாட்டுலயே காட்டுல கிடக்கு, மருள்னு பேரு. அந்த நாருல வில்லுக்கு நாண் திரிச்சாங்க. அதனாலதான் வெள்ளைக்காரன் இந்த வகைக்கே வில்நாண் சணல்ங்கிற மாதிரி பேரு வெச்சான்.

பிரிக்கிறதுக்கு வாழை தெரிஞ்சவனுக்குப் புதுசா ஒண்ணும் கத்துக்க வேணாம். வாழை மாதிரியே இதுக்கும் மண்ணுக்குள்ள கிழங்கு ஓடும், அதுலருந்துதான் பக்கக் கன்னு வரும். தொட்டியைச் சாய்ச்சு, செடியை மண்ணோட உருவி, மண்ணை உதிர்த்தா கிழங்கு தெரியும். ஒவ்வொரு கன்னுக்கும் கொஞ்சம் வேரு சேர்ந்து வர்ற மாதிரி நல்ல கத்தியால அறுக்கணும். அறுத்த வாயி காயட்டும், ஒரு நாள் ரெண்டு நாள் நிழல்ல போட்டு வைங்க. அப்புறம் செம்மண்ணும் மணலும் பாதிக்குப் பாதி, ஒரு கை மக்கின எரு, அடியில ஓட்டை இருக்கிற தொட்டி. நட்ட அன்னிக்கே குடம் குடமா ஊத்தாதீங்க. இந்தச் செடி தண்ணியில்லாம சாகுறதைவிட தண்ணி ஊத்தித்தான் அதிகம் சாகுது. மண்ணு நல்லாக் காஞ்ச பிறகு ஊத்துனாப் போதும்.

இலையைத் துண்டு துண்டா வெட்டி ஊனினாலும் முளைக்கும். ஆனா மாசக்கணக்குல காத்துக் கிடக்கணும். அதோட இலை ஓரத்துல மஞ்சக் கரை இருக்கிற ரகத்தை அப்படி ஊனினா, வர்ற கன்னுல கரை இருக்காது, வெறும் பச்சையாத்தான் வரும். கரை வேணும்னா கிழங்கோட பிரிச்சாகணும். திராட்சை விதையைப் போட்டா தாய்க்கொடி மாதிரியே வராதுல்ல, குச்சி ஊனினாத்தானே அதே பழம்? காரணம் வேற, ஆனா இங்கயும் எதை நடுறோம்ங்கிறதுலதான் விஷயமே இருக்கு.

விலை ஏறினதுக்கு வாட்ஸ்அப்பும் ஒரு காரணம். ராத்திரியில ஆக்சிஜன் விடுதாம், படுக்கை ரூம்ல வெச்சா நல்லாத் தூக்கம் வருமாம். இந்தச் செடி ராத்திரியில இலைத் துளையைத் திறந்து கரியமில வாயுவை இழுத்து வெச்சுக்கும், அது வாஸ்தவம். ஆனா ஆக்சிஜன் உண்டாக வெயில் வெளிச்சம் வேணும். 1989-ல நாசாக்காரங்க மூடின பெட்டிக்குள்ள செடிகளை வெச்சு சோதிச்சதைத்தான் எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. நம்ம வீடு பெட்டியா? கதவு ஜன்னலைத் திறந்து விட்டா வர்ற காத்துக்கு இந்தத் தொட்டி ஈடே இல்ல. அழகுக்கு வைங்க, வேணாங்கல. நாயோ பூனையோ இலையைக் கடிச்சா வாந்தி எடுக்கும், அதையும் பார்த்துக்கங்க.

எல்லாத்தையும் பிரிச்சே நடணும்னு நான் சொல்ல வரல. வாழையில முடிக்கொத்து நோய் கன்னு வழியாவே பரவும், அதுக்குப் பயந்து திசு வளர்ப்புக் கன்னு வாங்குறவனை நான் குறை சொல்ல மாட்டேன். விதையில்லாத் திராட்சைக்கு வேர்ச்செடியில ஒட்டுக் கட்டினதை வாங்குறதுலயும் நியாயம் இருக்கு. ஆனா கத்தரி, தக்காளி நாத்துக்கும் குழித்தட்டுக்காரங்களைத்தான் தேடிப் போறோம். நாத்தங்கால் பாவத் தெரிஞ்ச பொம்பளைங்க எங்க தெருவுல அஞ்சாறு பேருக்கு மேல இல்ல, அவங்களும் அறுபதைத் தாண்டினவங்க. நடுற பொருளு கையில இருக்கிற வரைக்கும்தான் ஒரு போகம் போனாலும் அடுத்த போகத்துக்கு எந்திரிக்க முடியும். அதையும் காசுக்கு வாங்கினா, கடன் விதைப்புக்கு முன்னாடியே ஆரம்பிச்சிடுது. என் மருமகளுக்கு இந்தத் தொட்டிச் செடியிலயாவது அறுத்துப் பிரிக்கிற கை வரட்டும்னுதான் இவ்வளவும் எழுதுறேன்.

அக்கம்பக்கத்துல கேளுங்க. மணி பிளான்ட்டைத் திருடி வெச்சாத்தான் வளரும்பாங்க, அதெல்லாம் வேணாம், கேட்டாலே கொடுப்பாங்க. தொட்டியில கிழங்கு நெருக்கி தொட்டியே வெடிக்கிற நிலைமையில வெச்சிருக்கிறவங்க, பிரிச்சுக் கொடுத்தா அவங்க செடிக்கும் நல்லது. ஐப்பசி அடைமழைக்கு முன்னாடி பிரிச்சு நட்டுடுங்க, ஈரத்துல அறுத்த வாயி அழுகிடும். எங்க வீட்டுல பச்சை ரகம் ஆறு கன்னு பிரிக்கிற பக்குவத்துல இருக்கு. உள்ளூர்க்காரங்க தொட்டி மட்டும் கொண்டு வாங்க.