பொட்டி பெருசா இருந்தா போதுமா சாமி?

கார் பதிவுன்னாலே பாதிப் பேர் எஸ்கேப் ஆயிடுவீங்கன்னு தெரியும். இருந்தாலும் சொல்லியே ஆகணும். டர்போ கார் வச்சிருக்கிற மக்கள்கிட்ட ஒரு மூடநம்பிக்கை உண்டு: இன்டர்கூலர் எவ்வளவு பெருசோ அவ்வளவு நல்லது. எஞ்சின் முன்னாடி இருக்கிற காருக்கு இது ஓரளவு சரி. டொயோட்டா எம்.ஆர்.2 மாதிரி சீட்டுக்குப் பின்னாடி எஞ்சின் இருக்கிற காருக்கு இதையே சொன்னா எனக்குக் கோவம்தான் வருது.

சைக்கிளுக்குக் காத்தடிச்சிருக்கீங்க இல்ல? பம்பு சூடாகும். டர்போவும் அதேதான். வெளியில 35 டிகிரி, 1 பார் பூஸ்ட், கம்ப்ரஸர் திறன் 70 சதவீதம்னு வச்சுக்கங்க. வெளிய வர்ற காத்து சுமார் 130 டிகிரி! அதை 55க்கு இறக்கினா அடர்த்தி 20 சதவீதத்துக்கு மேல கூடும். பவர் அப்புறம், முதல்ல எஞ்சின் பிழைக்கும். சூடான காத்துல பெட்ரோல் நேரங்கெட்ட நேரத்துல வெடிக்கும். அதுதான் நாக்கிங், பிஸ்டனுக்கு எமன்.

முன் எஞ்சின் கார்ல இன்டர்கூலரை பம்பருக்குப் பின்னாடி வச்சா போற வேகத்துக்குக் காத்து தானா வந்து மோதும். எம்.ஆர்.2ல அந்த வசதி ஏது? கதவுக்குப் பின்னாடி ஓரமா ஒரு ஓட்டை, அவ்வளவுதான் மூக்கு. அதுக்குள்ள பெரிய பொட்டியை அடைச்சா, காத்து உள்ள வரவும் வழி இல்ல, வந்தது போகவும் வழி இல்ல. பக்கத்துலயே எக்ஸாஸ்ட் கொதிக்குது. ட்ராஃபிக்ல பத்து நிமிஷம் நின்னா அது இன்டர்கூலர் இல்ல, இன்டர்ஹீட்டர்.

இங்க ஹூஸ்டன்ல என் நண்பனோட 91 மாடல் எம்.ஆர்.2வுக்கு ஒரு கடைக்காரர் (பேர் வேண்டாம்) இப்படித்தான் ஒரு பொட்டியை மாட்டினார். டைனோல ஏத்தி, மூடியைத் திறந்து வச்சு, ஆளுயர ஃபேனை நேரா அதுமேல வீசவிட்டு ஓட்டிக் காட்டினார். நம்பர் பிரமாதம். ஃபேனைக் கட்டி இழுத்துக்கிட்டா ரோட்டுல போக முடியும்? ஆகஸ்ட் மாசம், நெரிசல்ல நின்னுட்டு ஹைவேல ஏறி மிதிச்சான். 93 ஆக்டேன்தான் போட்டிருந்தான். மூணாவது பிஸ்டன் காலி. ரெண்டு வருஷ சேமிப்பு. கடைக்காரர் சொன்னது, "ட்யூனிங் பிரச்சனை தம்பி, இதைவிடப் பெரிய கூலர் போட்டுக்கலாம்." எப்படி இருக்கு பாருங்க!

நான் சொல்றது தண்ணிக் கூலர். எஞ்சின் பக்கத்துல சின்னதா ஒரு கோர், முன் பம்பர்ல தனி ரேடியேட்டர், நடுவுல ஒரு எலக்ட்ரிக் பம்ப். எஞ்சின் கூலன்ட்டோட சேர்த்துடாதீங்க, அது 90 டிகிரில ஓடுற தண்ணி. 250 குதிரைசக்திக்கு மேல சொன்ன கணக்குப்படி வெளியேத்த வேண்டிய சூடு சுமார் 14 கிலோவாட், அதாவது வீட்டு கீஸர் ஏழு. 10 லிட்டர் தண்ணி இருந்தா, பத்து செகண்ட் முழுசா மிதிச்சாலும், ரேடியேட்டர் ஒண்ணுமே பண்ணலைன்னாலும், தண்ணி மூணரை டிகிரி கூட ஏறாது. ரோட்டுல யாரு பத்து செகண்டுக்கு மேல மிதிக்கிறது? போலீஸ் சும்மா விடுவானா :-)

"தண்ணி எஞ்சினுக்குள்ள போயிடும்"னு பயமுறுத்துவாங்க. இந்தக் கோர் இருக்கிறது த்ராட்டிலுக்கு முன்னாடி. அங்க மேனிஃபோல்ட் வேக்குவம் கிடையாது. பூஸ்ட்ல ஓட்டை விழுந்தா காத்துதான் தண்ணிக்குள்ள போகும். வண்டி நிக்கும்போது சொட்டலாம், அதனால வருஷத்துக்கு ஒருதரம் பிரஷர் டெஸ்ட் பண்ணுங்க. "வெயிட் கூடும்"னா, ஆமா, தண்ணி மட்டுமே பத்து கிலோ. அண்ணாச்சிமார் கொஞ்சம் தொப்பையைக் குறைச்சா சரியாப் போச்சு.

"டொயோட்டாவே எம்.ஆர்.2வுக்குக் காத்துக் கூலர்தானே வச்சான்?" வச்சான், இங்க வித்த 200 குதிரைக்கு. அதே 3எஸ்-ஜிடிஇ எஞ்சின் குடும்பத்துக்கு 1994ல வந்த செலிகா ஜிடி-ஃபோர்ல தண்ணிக் கூலர் வச்சதும் அவன்தான். நடு எஞ்சின் லோட்டஸ் எஸ்ப்ரி டர்போ எஸ்.ஈ.ல 1989லயே தண்ணிதான்.

ட்ராக்ல இருபது நிமிஷம் விடாம ஓட்டறவங்க கதை வேற. ரேடியேட்டர் பத்தலைன்னா தண்ணி சூடேறி இறங்கவே இறங்காது. அவங்களுக்கு ஒழுங்கா டக்ட் போட்ட காத்துக் கூலரே மேல். ஃபெராரி 2015ல 488க்கு அப்படித்தான் பண்ணான், ஆனா அதுக்காகப் பக்கத்துல பெரிய வாயே வச்சு பாடியை வரைஞ்சான். உங்ககிட்ட இருக்கிறது ஒரு ஓட்டை.

அடுத்த தடவை எந்தக் கடைக்காரராவது டைனோ பேப்பரை நீட்டினா, கூலருக்குள்ள போற காத்து, வெளிய வர்ற காத்து ரெண்டோட டெம்பரேச்சரும் கேளுங்க. மூடியைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, பத்து நிமிஷம் ஐட்லிங்ல விட்டு எடுத்ததா இருக்கணும். தரலைன்னா சாவியை வாங்கிக்கிட்டு கிளம்புங்க.