முதுகுத்தண்டு நீரில் 5 செல்கள்: காவல் எப்போது தாக்குதலாக மாறுகிறது?

‘முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்கணும்’ என்று டாக்டர் சொன்னாலே பலருக்கும் பதற்றம்தான். ஆனால், மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் (எம்.எஸ்.) நோயைக் கண்டுபிடிப்பதில் அந்த சில மில்லி நீர் முக்கியமான சாட்சி.

நலமாக இருப்பவருக்கு எப்படி?

மூளையையும் தண்டுவடத்தையும் சூழ்ந்துள்ள இந்தத் திரவம் பெரியவர்களுக்கு சுமார் 150 மில்லி இருக்கும். தினமும் 500 மில்லி வரை புதிதாகச் சுரக்கிறது. ரத்தத்தில் ஒரு மைக்ரோலிட்டருக்கு 4,000 முதல் 11,000 வெள்ளை அணுக்கள் என்றால், இங்கே 5-க்குள்தான். அதிலும் பெரும்பாலானவை பழைய கிருமிகளை நினைவில் வைத்திருக்கும் ‘டி’ செல்கள். ரோந்து போலீஸ் மாதிரி சுற்றி வருபவை. ‘பி’ செல்கள் மிகச் சொற்பம்.

எம்.எஸ். வந்தால் என்ன மாறும்?

நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறையை எதிர்ப்பு செல்களே சிதைப்பதுதான் எம்.எஸ். பார்வை மங்கும், கை கால் மரத்துப்போகும், நடை தள்ளாடும்.

அப்போ செல்கள் ஏராளமாகப் பெருகிவிடுமா? இல்லை. எண்ணிக்கை பெரும்பாலும் இயல்பாகவோ சற்று கூடுதலாகவோதான் இருக்கும். 50-ஐத் தாண்டினால் வேறு நோயா என்று டாக்டர்கள் யோசிப்பார்கள். மாறுவது செல்களின் வகை. ‘பி’ செல்களும் பிளாஸ்மா செல்களும் உள்ளேயே தங்கி ஆன்டிபாடிகளைத் தயாரிக்கின்றன. ஆய்வகத்தில் இவை ‘ஆலிகோகுளோனல்’ பட்டைகளாகத் தெரியும். நோயைக் கண்டறிவதற்கான மெக்டொனால்ட் விதிகள் 2017-ல் திருத்தப்பட்டபோது, இந்தப் பட்டைகளுக்குக் கூடுதல் முக்கியத்துவம் தரப்பட்டது.

செல்களைத் தடுத்துவிட்டால் போதாதா?

அதைத்தான் நேட்டாலிசுமாப் மருந்து செய்தது. ரத்தத்திலிருந்து எதிர்ப்பு செல்கள் மூளைக்குள் நுழைவதைத் தடுக்கும் இந்த மருந்துக்கு அமெரிக்கா 2004-ல் அனுமதி தந்தது. நோய் திரும்பத் தாக்குவது வெகுவாகக் குறைந்தது. ஆனால், 2005 பிப்ரவரியில் விற்பனை நிறுத்தப்பட்டது. காரணம், மருந்து எடுத்தவர்களில் சிலருக்கு ஜே.சி. வைரஸால் பி.எம்.எல். என்ற ஆபத்தான மூளைத் தொற்று வந்தது. ரோந்து நின்றதும், பதுங்கியிருந்த வைரஸ் தலைதூக்கிவிட்டது.

கடும் கட்டுப்பாடுகளுடன் 2006-ல் மருந்து மீண்டும் வந்தது. ஜே.சி. வைரஸ் ஆன்டிபாடி இருக்கிறதா என்று ரத்தத்தில் பார்த்து, ஆபத்தைக் கணிப்பது இப்போது வழக்கம். 2017-ல் அனுமதி பெற்ற ஆக்ரிலிசுமாப், எல்லா செல்களையும் தடுக்காமல் ‘பி’ செல்களைக் குறிவைக்கிறது. இதிலும் தொற்று அபாயம் உண்டு என்பதால் கண்காணிப்பு அவசியம்.

ரிப்போர்ட்டை எப்படிப் புரிந்துகொள்வது?

பட்டைகள் மேற்கத்திய நோயாளிகளில் சுமார் 90 சதவீதம் பேருக்குத் தெரியும். ஆசியர்களிடம் இது குறைவு. எனவே ‘பட்டை இல்லை’ என்று வந்தாலே எம்.எஸ். இல்லை என்றாகாது. வேறு சில தொற்று, அழற்சி நோய்களிலும் பட்டைகள் வரலாம். அறிகுறிகள், எம்.ஆர்.ஐ. ஸ்கேன், நீர்ப் பரிசோதனை மூன்றையும் சேர்த்துப் பார்த்துத்தான் நரம்பியல் நிபுணர் முடிவுக்கு வருவார்.