நிலம் என்றால் வயல்

பாறசாலையிலோ நெய்யாற்றின்கரையிலோ வீட்டை விற்பதென்று தீர்மானித்தவர் முதலில் தேடுவது பெயின்டரை. இரண்டு மழைக்காலமும் முடிந்து மகரம் பிறந்ததும் எல்லைக் கிராமங்களில் ஏணி சாத்துகிறார்கள். மதிலில் படிந்த பாசி சுரண்டப்படுகிறது. உடைந்த ஓடுகள் மாறுகின்றன. கிணற்றின் கைப்பிடிச் சுவருக்கு வெள்ளை ஏறுகிறது. அமெரிக்காவில் விற்கப்போகும் வீட்டை ஒப்பனை செய்து தருவதே ஒரு தொழில். வாடகை சோபா, வாடகை ஓவியம், பூச்சாடி எல்லாம் வந்திறங்கும். வீடு விற்றதும் லாரியேறிப் போய்விடும். இங்கே அத்தனைக்கும் பதில் ஒரு வாளி டிஸ்டெம்பர்தான்.

அது ஓரளவுக்கே பலிக்கும். வாங்க வருபவரும் அதே மழையில் நனைந்தவர். நாலு சுவரில் ஒன்று மட்டும் புதிதாக மின்னினால் அவர் கை நேராக அங்கேதான் போகிறது. விவரம் தெரிந்தவர் வீட்டை இரண்டு தடவை பார்ப்பார்: கூரை ஒழுகுகிறதா என்று ஜூன் மாத இடவப்பாதி மழையில் ஒரு தடவை, கிணறு வற்றுகிறதா என்று மீனக் கோடையில் ஒரு தடவை. பெயின்டுக்கு ஒதுக்கிய பணத்தில் பாதியைக் கூரைக்குச் செலவழிப்பவர் புத்திசாலி.

பலா, அயனி மரத்தில் இழைத்துக் கட்டிய பழைய வீடுகளுக்கு இந்த ஒப்பனையும் உதவுவதில்லை. வாங்குபவர் எண்ணுவது சென்டை. வீடு நிற்பது அவருக்கு இடைஞ்சல். எனவே மரத்தையும் ஓட்டையும் தனியாக விற்றுவிட்டு வெறும் மனையைக் காட்டுவது லாபமாகிவிடுகிறது. சென்னைக்கு வெளியே முட்டுக்காட்டில் 1996-ல் திறக்கப்பட்ட தட்சிணசித்ராவில் சில கேரள வீடுகள் நிற்கின்றன. சொந்த ஊரில் பிரித்து எடுத்து வந்து மறுபடி பூட்டியவை. எல்லா வீட்டுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை. மற்றவை கதவாகவும் கட்டிலாகவும் பிரிந்து போகின்றன.

சுவர், கூரை, கிணறு மூன்றும் சரியாக இருந்தும் பேரம் முறிகிறதென்றால் காரணம் பெரும்பாலும் அலமாரிக்குள் இருக்கும் காகிதக் கட்டு. இந்தப் பக்கத்தில் அந்தக் கட்டுக்கு ஒரு தனிச் சிக்கல் உண்டு. 1956 நவம்பர் 1-ல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் சென்னை மாநிலத்துக்கு வந்தன. திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டும் நெய்யாற்றின்கரை வரவில்லை. (பத்மநாபபுரம் அரண்மனை இந்தப் பிரிவினையின் விசித்திரக் குழந்தை: நிற்பது தமிழ்நாட்டில், பராமரிப்பது கேரளத் தொல்லியல் துறை.) கோடு கிழித்த இடத்தில் பேச்சு நின்றுவிடவில்லை. களியக்காவிளையில் ஒரு காலும் இஞ்சிவிளையில் ஒரு காலுமாக வாழ்கிறவர்களுக்கு இரண்டு மொழியும் புரியும். ஆனால் பத்திரத்தில் வரும் சொற்கள் அப்படியல்ல. ஒரே சொல், எல்லை தாண்டியதும் வேறு பொருள்.

நெய்யாற்றின்கரைத் தாலுகாவில் இருக்கும் விழிஞ்ஞம் துறைமுகம் 2025 மே மாதத்தில் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. கழக்கூட்டத்திலிருந்து வரும் புறவழிச் சாலை எல்லையோரக் காரோட்டைத் தொட்டிருக்கிறது. இந்தப் பக்கம் வீடு பார்க்க வரும் தமிழ்நாட்டுக்காரர் கேட்கும் முதல் கேள்வி: "பட்டா இருக்கா?" விற்பவர் விழிக்கிறார். கேரளத்தில் பட்டயம் எல்லாருக்கும் கிடைக்கும் காகிதமல்ல. பெரும்பாலும் அரசு பதிந்து கொடுத்த நிலத்துக்கு உரியது. குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு விற்கக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் அதோடு வரலாம். சாதாரண வீட்டுக்காரரிடம் இருப்பவை ஆதாரம், போக்குவரவு, கரம் கட்டிய ரசீது. சென்னைக்காரருக்கு ஆதாரம் என்றால் சாட்சியம். இங்கே அது கிரயப் பத்திரம். போக்குவரவு என்பது பெயர் மாற்றம். கரம் கையல்ல, நிலவரி. எல்லாவற்றையும்விட வேடிக்கை பாத்யத சர்டிபிகேட். தமிழில் பாத்தியதை என்றால் உரிமை. மலையாளத்தில் பாத்யத என்றால் கடன், சுமை. பாத்யத ஏதுமில்லை என்று எழுதியிருந்தால் தமிழர் பதறக்கூடாது. அது நல்ல செய்தி. நம்மூர் வில்லங்கச் சான்றுதான் அது.

இந்தச் சொற்களை யாராவது விளக்கிவிடலாம். விளக்கினாலும் தீராத சொல் ஒன்று உண்டு: நிலம். தமிழில் அது பொதுச்சொல். கேரள வருவாய்ப் பதிவேட்டில் நிலம் என்றால் நெல்வயல். வீடு கட்டும் மேட்டு மனைக்குப் பெயர் புரையிடம். வயலை மண்ணிட்டு நிரப்பி எப்போதோ வீடு கட்டியிருப்பார்கள். தென்னை காய்த்து, பேரன் பிறந்து, கட்டட வரியும் ஒழுங்காகக் கட்டியாகியிருக்கும். கிராம அலுவலகப் பதிவேட்டில் மட்டும் அது இன்னும் நிலம். கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டம் 2008-ல் வந்தது முதல் அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வங்கி வக்கீலின் பேனா நின்றுவிடுகிறது. டேட்டா பாங்க் எனப்படும் வயல் பட்டியலில் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் நீக்கக் கோரி 5-ம் எண் படிவம். பிறகு இடத்தின் தன்மையை மாற்றக் கோரி 6-ம் எண் படிவம். வேளாண் அதிகாரியின் அறிக்கை, கிராம அதிகாரியின் அறிக்கை என்று மாதங்கள் ஓடும். அத்தனை நாள் காத்திருக்க வாங்குபவருக்கு என்ன தலையெழுத்து? அவர் அடுத்த தெருவில் வேறு வீடு பார்த்துவிடுவார். வெள்ளையடித்த சுவரில் பாசி திரும்பி வந்திருக்கும். வயலைக் காப்பாற்றச் சட்டம் வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வீட்டை விற்கப் புறப்பட்டவர் பெயின்டரைக் கூப்பிடும் முன் கிராம அலுவலகத்துக்குப் போய் அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு வரலாமே. செலவு பஸ் கட்டணம்தான்.

அடுத்தது பங்காளிகள். தந்தை பெயரில் இருக்கும் வீட்டுக்கு ஒருவர் துபாயில், ஒருவர் சென்னையில், தங்கை மார்த்தாண்டத்தில். பங்கை விட்டுக்கொடுப்பவர் எழுதித் தருவது ஒழிமுறி. (ஜெயமோகன் எழுதி, மதுபால் இயக்கிய 2012-ம் ஆண்டு மலையாளப் படத்தின் பெயரும் இதுதான், அங்கே ஒழிவது தாம்பத்தியம்.) வர முடியாதவர் முக்தியார் அனுப்புகிறார். வெளிநாட்டில் எழுதிய முக்தியார் இந்தியா வந்து சேர்ந்த 3 மாதங்களுக்குள் அதற்கு முத்திரைத் தீர்வை கட்டியாக வேண்டும். விலை படிந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று உறையைப் பிரிக்காமல் வைத்திருப்பவர்களும் உண்டு.

வாங்குபவர் மனதில் ஓடும் இன்னொரு கணக்கையும் விற்பவர் தெரிந்துகொள்வது நல்லது. கேரளத்தில் முத்திரைத் தீர்வை 8 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 50 லட்ச ரூபாய்க்குப் பதிந்தால் 5 லட்சம் அரசுக்குப் போகிறது. பேரத்தில் அவர் பிடிவாதமாகக் குறைக்கப் பார்ப்பது பெரும்பாலும் இந்த ஐந்தைத்தான்.

டிஜிட்டல் மறு அளவை 2022 நவம்பரில் தொடங்கியிருக்கிறது. பதிவு, வருவாய், அளவை ஆகிய மூன்று துறைகளின் கணக்கையும் இணைக்கும் 'என்டெ பூமி' இணையதளம் 2024-ல் வந்தது. ஆதாரத்தில் 12 சென்ட் என்றிருப்பது புதிய அளவையில் பதினொன்றரையாகத் தெரிந்தால், அந்த அரை சென்டைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரரோடு பேசவேண்டியது விளம்பரப் பலகை மாட்டுவதற்கு முன்பு. வாங்குபவரை வாசலில் நிற்க வைத்துக்கொண்டு மதிலுக்கு மேலாகப் பேசினால் அரை சென்டும் கிடைக்காது, ஆளும் தங்கமாட்டார்.