வரியை எண்ணினால் உழைப்பு தெரியுமா?

சாந்தோமில் இன்று நிற்கும் பேராலயம் 1896-ல் வந்தது. அதற்கு முன் அங்கிருந்த போர்ச்சுகீசியர் காலத்துக் கோயிலை இடித்துவிட்டுத்தான் கட்டினார்கள். இடித்ததும் வேலைதானே? மென்பொருள் கம்பெனிகள் சிலவற்றில் இதை மறந்துவிடுகிறார்கள்.

லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் உருவாக்கிய 'கிட்'டில், லாக் கட்டளையோடு 'நம்ஸ்டாட்' சேர்த்தால் போதும். ஒவ்வொரு மாற்றத்திலும் எந்த ஃபைலில் எத்தனை வரி சேர்ந்தது, எத்தனை நீங்கியது என்று கொட்டிவிடும். ஒரு எழுத்தைத் திருத்தினாலும் ஒரு வரி வரவு, ஒரு வரி பற்று! ஆள்வாரியாகக் கூட்டினால் எக்செல் ஷீட் ரெடி.

சிக்கலே அங்கேதான். நிரல் முழுக்க வெறும் இடைவெளியை மாற்றியவர் பட்டியலில் முதலிடம். மூன்று நாள் தேடி ஒரே வரியில் பிழையைச் சரிசெய்தவர் கடைசி. இதை வைத்து இன்கிரிமெண்ட் போட்டால்?

1982-ல் ஆப்பிளில், வாரம் எத்தனை வரி எழுதினீர்கள் என்று கேட்ட படிவத்தில் பில் அட்கின்சன் 'மைனஸ் 2000' என்று நிரப்பினார். நிரலைச் சுருக்கி, வேகத்தையும் கூட்டியிருந்தார். சில வாரங்களில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

கணக்கெடுப்பது தப்பில்லை. எந்த ஃபைல் அடிக்கடி மாறுகிறது, எந்தப் பகுதி ஒரே ஆளை நம்பியிருக்கிறது என்று அது காட்டும். ஆளுக்கு மதிப்பெண் போட மட்டும் அதை எடுக்காதீர்கள். அடிஷனல் ஷீட்டை எண்ணி மார்க் போடும் வாத்தியாரை எந்த மாணவன் மதிப்பான்?