முன்பணமும் முறைமையும்

பொருளைப் பெறுமுன் விலையைக் கொடுத்தல் நம்பிக்கையின்பாற்பட்ட செயலாகும். அவ்வாறு கொடுத்த பணம், பொருள் கைக்கு வரும்வரையில், வணிகனிடம் வைத்த அடைக்கலப் பொருளை ஒக்கும். நாள் கடந்தது என்று கூறி அதனைத் தனதாக்கிக் கொள்ளுதல் முறையாகுமா? அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இவ்வினா சட்டமன்றங்களிலும் நீதிமன்றங்களிலும் ஆராயப்பட்டுள்ளது.

அந்நாட்டுக் கடைகளில் பரிசு அட்டை என்பதொன்று விற்கப்படுகிறது. ஐம்பது டாலர் கொடுத்து அதனை வாங்கி ஒருவருக்கு அளித்தால், அவர் அத்தொகைக்குரிய பண்டங்களை அக்கடையில் பெறலாம். முன்னாளில் பல அட்டைகள் குறுகிய காலத்தில் காலாவதியாயின. பயன்படுத்தாது வைத்திருந்தமைக்காக அவற்றினின்று கட்டணமும் கழிக்கப்பட்டது. கலிபோர்னியா மாநிலம் 1997 முதல், சில விலக்குகள் நீங்கலாக, காலவரம்பிட்டு அவற்றை விற்றலைத் தடுத்தது. 2009இல் இயற்றப்பெற்று 2010 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த கூட்டாட்சிச் சட்டம், ஐந்தாண்டுக்குள் அட்டையின் பணம் காலாவதியாதலாகாது என விதித்தது. ஓராண்டு பயன்படுத்தப்படாதிருந்தாலன்றிக் கட்டணம் கழித்தலும் ஆகாது என்றது.

“நிபந்தனையை அறிந்தன்றோ வாங்கினர்? கணக்கை என்றும் காத்தல் எளிதோ?” என்பர் வணிகர். கணக்கைக் காத்தற்குச் செலவுண்டு என்பது மெய்யே. ஆயினும் அப்பணம் அத்துணைக் காலமும் வணிகர்க்கே பயன்பட்டது. அட்டையின் பின்புறத்தில் நுண்ணெழுத்தில் அச்சிடுதல் அறிவித்தலாகாது, மறைத்தலேயாகும்.

சட்டம் இருப்பினும், பத்து டாலரை இழந்தவர் வழக்காட முற்படார். வழக்கின் செலவு இழப்பினும் பன்மடங்காகும். அவ்வாறு இழந்தோர் ஓர் இலட்சம் பேராயின், வணிகன் பெறுவது பத்து இலட்சம் டாலர்! இக்குறையை நீக்க உதவுவது குழு வழக்கு. ஒருவரோ சிலரோ தம்மைப் போன்றார் அனைவர் சார்பிலும் வழக்குத் தொடுப்பர். இரு திறத்தாரும் உடன்பட்டாலும், அவ்வுடன்பாடு நேரியது என நீதிபதி ஏற்றாலன்றிச் செல்லாது. குரூப்பான் நிறுவனம் விற்ற சலுகைச் சீட்டுகளின் காலவரம்பு பற்றிய வழக்குகளில், 2012இல் 85 இலட்சம் டாலருக்கு உடன்பாடு காணப்பட்டது.

இம்முறையிலும் குறை புகுந்ததுண்டு. சில வழக்குகளில் இழந்தோர்க்குப் பணம் கிட்டவில்லை. அதே நிறுவனத்தில் மேலும் வாங்குதற்குரிய தள்ளுபடிச் சீட்டே கிட்டியது. வழக்கறிஞரோ தம் ஊதியத்தைப் பணமாகவே பெற்றனர். எனவே 2005ஆம் ஆண்டுச் சட்டம், அச்சீட்டுகளின் மதிப்பைக் கொண்டு ஊதியம் கணக்கிடுங்கால், வழங்கியவற்றை அன்றி, உண்மையில் பயன்பட்ட சீட்டுகளையே கொள்ள வேண்டும் என்றது.

இஃது நன்றே, எனினும் போதாது. பணமாக இழந்தார்க்குப் பணமாகவே திருப்பித் தருதல் வேண்டும். வாங்கினோர் பெயர் வணிகனது கணக்கில் உளதாயின், அவர்கள் விண்ணப்பிக்கும்வரை காத்திராது அனுப்புதல் வேண்டும். தொகை சிறிது என்பதனால் தவறு சிறிதாகிவிடாது. சிறியவற்றிலும் நேர்மை காப்பதே வாணிகத்திற்கு அழகாகும்.